வெள்ளிப் பாஸும் காகித அட்டையும்

ஆர்டெல் பிங்க்னி சத்தம் போட்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவள் குரல் இறங்கிவிடும். எதிரே நிற்பவர் குனிந்து காதைக் கொடுத்தால்தான் வார்த்தை புரியும். அப்படிக் குனிந்தவர்களில் நிமிரும்போது முகம் சிவக்காதவர்கள் குறைவு.

ஹாரிங்டன் பேஸ்பால் மைதானத்தின் ‘சி’ கேட்டில் பதினேழு வருஷம் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம். நான் ஆட்ட விவரப் புத்தகம் விற்பவன். அவளுக்குப் பாஸ் ஜன்னல். பெரிய லீக்கில் பத்து வருஷம் ஆடி முடித்தவனுக்கு லீக் ஒரு வெள்ளிப் பாஸ் கொடுக்கும். இருபது வருஷம் ஆடியவனுக்குத் தங்கப் பாஸ். சீட்டுக்கட்டுச் சீட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக, தகடாக, தோல் உறைக்குள் இருக்கும். அதில் ஆட்டக்காரன் பெயரும் ஓர் எண்ணும் செதுக்கியிருப்பார்கள். இவரையும் இவருடன் வரும் ஒருவரையும் ஆயுள் முழுக்க எந்த மைதானத்திலும் அனுமதிக்கவும் என்று கீழே எழுதியிருக்கும். அந்தக் கிழவர்கள் ஜன்னலில் வந்து தகட்டை நீட்டுவார்கள். ஆர்டெல் பெயரைப் பார்த்து, எண்ணைப் பெரிய நோட்டில் எழுதி, இரண்டு இருக்கைச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது கையெழுத்தால். பெத்தேல் சர்ச்சின் கூட்டக் குறிப்புகளை அவள்தான் எழுதுவாள். அச்சடித்தது போல இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் கேட் மேனேஜர் ப்ரூவிட் அவளை வேலைக்கு எடுத்தார். எங்கள் கேட்டில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அவளைப் பற்றி அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் அப்பா யார் என்றும் தெரியாது.

அவள் அப்பா லெமுவல் பிங்க்னி. கறுப்பர்களைப் பெரிய லீக் சேர்க்காத காலத்தில், எங்கள் ஆட்களே நடத்திய லீக்கில் பதினேழு வருஷம், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சராக ஆடியவர். எங்கள் பேட்டையில் அவரைக் ‘கதவு’ என்று கூப்பிடுவார்கள், அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால். காலையில் ஓர் ஊரில் ஆடி, சாயங்காலம் எழுபது மைல் தள்ளி இன்னோர் ஊரில் ஆடுவார். ஓட்டலில் இடம் கொடுக்க மாட்டார்கள், பஸ்ஸிலேயே தூங்குவார். வலது கையில் மூன்று விரல் உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. பெரிய லீக் ஒருவழியாக எங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பது. நாற்பது வயதுக் கேட்சரை யார் கூப்பிடப் போகிறார்கள்? வார்ப்பட ஆலையில் மணல் அச்சு தட்டும் வேலைக்குப் போனார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்து முதல் ஆட்ட நாளில்தான் எல்லாம் தொடங்கியது. ஏப்ரல் மாதம். ஏரிக் காற்று காதை அறுத்தது. ஆர்டெல் கழுத்துத் துண்டை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று லெமுவல் எங்கள் கேட்டுக்கு வந்தார். பாஸ் ஜன்னல் முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். நடுவில் நின்ற ஒரு நெட்டை வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

“லெம்? கதவு? நீதானா?”

அவர் பெயர் ஹால்வர்சன். பெரிய லீக்கில் பத்து வருஷமும் மூன்று மாதமும் பந்து வீசியவர். வென்றதும் தோற்றதும் ஏறக்குறைய சரிபாதி. அந்தக் காலத்தில் இலையுதிர் மாதங்களில் பெரிய லீக் ஆட்கள் கூட்டமாகக் கிளம்பி எங்கள் ஆட்களோடு ஊர் ஊராக ஆடுவார்கள். அப்படி ஐந்து வருஷம் அவர் லெமுவலுக்கு எதிராகப் பந்து வீசியிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு ஹால்வர்சன் பாஸை ஜன்னலில் வைத்து, “இவரு என்கூட வர்றாரும்மா” என்றார்.

ஆர்டெல் இரண்டு சீட்டைக் கிழித்துவிட்டாள். பின்னால் நின்றிருந்த ப்ரூவிட் அதன் மேல் கையை வைத்தார்.

“கூட வர்றவங்கன்னா வீட்டுக்காரம்மா, சொந்தக்காரங்க. வழியில பார்த்தவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல, மிஸ்டர் ஹால்வர்சன்.”

ஆர்டெலின் குரல் இறங்கியது. “போன செப்டம்பர்ல மிஸ்டர் டோரன் தன் பாஸ்ல, அவரு வழக்கமாக் குடிக்கிற பார்க்காரரைக் கூட்டிட்டு வந்தாரு சார். நான்தான் எழுதினேன். நோட்ல இருக்கு.”

“நீ எழுதுற வேலையை மட்டும் பாரு, ஆர்டெல்.”

லெமுவல் ப்ரூவிட்டைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் ஏதாவது சொல்லுவாள், சொன்னால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். “எனக்கு டிக்கெட் வாங்கத் தெரியும், சார்” என்று மட்டும் சொன்னார். துண்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கூரையில்லாத பெஞ்சுகளுக்கான வரிசையைப் பார்த்து நடந்தார்.

ஹால்வர்சன் நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது. ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஆறடி தூரத்தில் நின்றேன். எனக்கு எல்லாம் கேட்டது. நான் என்ன செய்தேன் என்றால், புத்தகம் விற்றேன்.

ஆர்டெல் அவருடைய பாஸ் எண்ணை நோட்டில் எழுதினாள். அன்றைய பக்கத்தில் மற்ற எண்கள் எல்லாம் வழக்கம்போல அழகாக இருந்தன. அந்த ஒன்று மட்டும் தாளைக் கிழித்து அடுத்த பக்கம் வரை பதிந்திருந்தது.

அடுத்த வருஷம் கோடையில் மிஸஸ் கெஸ்ஸல் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். புருஷன் பன்னிரண்டு வருஷம் மூன்றாம் பேஸ் என்ற மூலையைக் காத்து ஆடியவர், பனிக்காலத்தில் இறந்துபோயிருந்தார். முப்பது வருஷமாக அவரோடு வந்து உட்கார்ந்த இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று அந்த அம்மா அவருடைய பாஸை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். செத்தவர் பாஸ் செல்லாது என்று ப்ரூவிட் சொன்னார். கனிவாகத்தான் சொன்னார், அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த அம்மா தகட்டை ஜன்னல் வழியே உள்ளே எறிந்தார்.

“அவரு கூட ஊர் ஊரா அலைஞ்சு துணி துவைச்சது நான். செல்லாதுன்னா நீங்களே வச்சுக்குங்க.”

அன்று வேலை முடிந்ததும் ஆர்டெல் அவர் வீட்டைத் தேடிப் போய் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அவர் வாங்கவில்லை. அப்படியென்றால் எனக்கே கொடுத்ததாக எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். ஏன் வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். ஆர்டெல் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். மிஸஸ் கெஸ்ஸல் ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார். முதல் பாஸ் வந்தது அப்படித்தான்.

அதை வீட்டு மேஜையில் வைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கேள்வி வந்ததாம். இந்த ஆள் பன்னிரண்டு வருஷம் மூன்றாம் பேஸில் நின்றான். அதே பன்னிரண்டு வருஷம் நம் ஆட்களில் மூன்றாம் பேஸில் நின்றது யார்? அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நாலு மாதம் ஆனது. கேடர் மாக்ஸி என்று ஒருவர். அப்போது ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். பாஸின் அளவுக்கே ஒரு கெட்டி அட்டையை வெட்டி, அவர் பெயர், ஆடிய அணிகள், ஆடிய வருஷங்கள் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதி, வெள்ளித் தகட்டின் பக்கத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. பழைய ஆட்டக்காரர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதினாள். எதற்குக் கேட்கிறேன் என்பதை மறைக்காமல் எழுதினாள். சிலர் பதிலே போடவில்லை. சிலர் கேட்கக் கூசும் வார்த்தைகளில் பதில் போட்டார்கள். சிலர் அனுப்பினார்கள். டெக்சஸிலிருந்து ஓர் அம்மா தங்கப் பாஸையே அனுப்பி, “என் கணவருக்கு நீங்கள் செய்வது பிடித்திருக்காது, அதனால்தான் அனுப்புகிறேன்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அடகுக் கடையிலும், செத்தவர்கள் வீட்டுச் சாமான் விற்பனையிலும் சில பாஸ் கிடைத்தன. அங்கேயும் யார் விற்றது என்று எழுதி வாங்கிக்கொள்வாள்.

பாஸ் கிடைப்பது சுலபம். அட்டைக்குப் பெயர் கிடைப்பதுதான் பாடு. எங்கள் ஆட்களின் ஆட்டத்தை நகரத்துப் பெரிய பத்திரிகைகள் எழுதியதே இல்லை. எங்கள் வாரப் பத்திரிகைகளின் பழைய கட்டுகளை நூலகத்தில் புரட்டுவாள். முடிதிருத்தும் கடைகளில், சர்ச் விருந்துகளில், வறுத்த கெளுத்தி மீனும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கிழவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முப்பத்துமூன்றில் அந்த அணியில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றவர் யார், முழுப் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பாள். ஒருவர் சொன்னதை இன்னும் இருவர் சொன்னால்தான் மையில் எழுதுவாள். அதுவரை பென்சில்.

அந்த விளையாட்டின் மேல் அவளுக்கு மோகம் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். அவள் ஓர் ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்து நான் கண்டதில்லை. ஆட்டம் தொடங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவாள்.

கல்யாணம் முறிந்து, அவள் அப்பாவோடுதான் இருந்தாள். அவருக்குத் தெரியாமல் இரண்டு வருஷம் ஓட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நானும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். உப்பு ஜாடி தேடிய லெமுவல், அலமாரியில் அவள் பாஸும் அட்டையும் அடுக்கி வைத்திருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டார். அப்போது பதினொரு பாஸ் இருந்தது. ஒன்றை எடுத்து அந்தக் கோணல் விரல்களில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யாருது?”

ஆர்டெல் சொன்னாள். பக்கத்தில் இருந்த அட்டையையும் காட்டினாள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை.

“அவங்க எனக்குக் கொடுக்கலன்னு, அவங்க வீட்டுக் குப்பையைப் பொறுக்கிட்டு வந்து என் வீட்ல வச்சிருக்கியா?”

“குப்பை இல்லப்பா. சாட்சி.”

“யாருக்குச் சாட்சி? நான் ஆடினது எனக்குத் தெரியும். என்கூட ஆடினவனுக்குத் தெரியும். அந்த ப்ரூவிட்டுக்குத் தெரியணும்னு நான் பதினேழு வருஷம் உக்காந்து எழுந்தேனா?”

“தெரியணும்ப்பா. அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.”

“அப்ப அதுல என் பேரை எழுதாத. நான் இருக்கிறப்பவும் எழுதாத, போன பிறகும் எழுதாத. எவன் தகட்டுப் பக்கத்துலயும் ஒட்டுக் காகிதமா நான் கிடக்க மாட்டேன்.”

அவள் வாக்குக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே கோபம்தான். அது அவரை ஒரு பக்கமும் அவளை இன்னொரு பக்கமும் இழுத்தது. அதற்குப் பிறகு அந்த அலமாரியைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அறுபத்தேழில் லெமுவல் இறந்தார். ஒரு தடவைகூட அந்தத் தட்டுகளை மறுபடி பார்க்கவில்லை.

எழுபத்துமூன்றில் ஆர்டெலிடம் முப்பத்தெட்டுப் பாஸ் இருந்தது. அந்த வருஷம் ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் பேஸ்பால் பொருள் சேகரிப்பவர்கள் கண்காட்சி வைத்தார்கள். அவள் ஒரு மேஜைக்குப் பதிவு செய்தாள். கறுப்புத் துணி விரித்து, தகடு, அட்டை, தகடு, அட்டை என்று வரிசையாக வைத்தாள். ஐந்து அட்டைகள் வெறுமையாக இருந்தன. நாலுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ஐந்தாவது ஒரு கேட்சருடைய பாஸின் பக்கத்தில் இருந்தது. அது ஏன் வெறுமை என்று எனக்குத் தெரியும். அவளிடம் நான் கேட்கவில்லை.

கூட்டம் மொய்த்தது. இத்தனை பாஸை ஒரே இடத்தில் யாரும் பார்த்ததில்லை. கட்டம் போட்ட கோட்டுக்காரர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“இந்தக் காகிதமெல்லாம் எதுக்கும்மா? வெள்ளி மேல கண்ணே போக மாட்டேங்குது.”

“அதுக்குத்தான் வச்சிருக்கேன்.”

அவர் சிரித்தார். மொத்தத்தையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், காகிதம் தனக்கு வேண்டியதில்லை என்றார். ஆர்டெல் ஏதோ சொன்னாள். அவர் குனிந்தார். நிமிர்ந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். “அவரு அம்மாவை விக்கிறப்ப தலையை மட்டும் தனியா விப்பாரான்னு கேட்டேன்” என்றாள்.

பத்திரிகை போட்டோகாரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். அவரிடம் அட்டைகளைப் பற்றி இருபது நிமிஷம் விளக்கினாள். மறுநாள் படம் வந்தது. ஒரே ஒரு வெள்ளித் தகடு, பெரிதாக. அட்டை இருந்த பக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கேட்டில் வேலை பார்க்கும் பேஸ்பால் ரசிகையின் பொக்கிஷம் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பத்திரிகையை அவள் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த எங்கள் கேட் பெஞ்சின் காலுக்கடியில் வைத்தாள்.

ப்ரூவிட்டும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். அடுத்த ஆட்ட நாளில் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கிளப்பின் வக்கீல் ஒருவரும் அங்கே இருந்தார். பாஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் வீட்டில் முப்பத்தெட்டுப் பாஸ் எப்படி வந்தது என்று கேட்டார்கள். மறதிக்காரக் கிழவர்கள் ஜன்னலில் விட்டுப் போனதை எடுத்துப் பதுக்கினாயா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கடிதம் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்றாள். வக்கீலுக்கு அது தேவைப்படவில்லை. பாஸ் யாருக்கும் கைமாற்றத்தக்கதல்ல, அது லீக்கின் சொத்து, எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். அவள் முடியாது என்றாள். அன்றே வேலை போனது. காரணம் என்று தாளில் எழுதியிருந்த வார்த்தை ‘திருட்டு’.

அவள் வெளியே வந்து என்னிடம் அந்தத் தாளைக் காட்டினாள். “பதினேழு வருஷம், ராஸ்கோ. எங்கப்பா ஆடினதும் பதினேழு வருஷம்தான். ரெண்டுக்கும் சேத்து இவங்க எழுதிக் கொடுத்தது இந்த ஒரு வார்த்தை” என்றாள். எனக்கு ப்ரூவிட்டின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த ஏப்ரல் நாளில் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

எங்கள் வாரப் பத்திரிகை இதை முதல் பக்கத்தில் போட்டது. தகடும் அட்டையும் சேர்ந்த படத்தோடு போட்டது. பத்து நாள் கழித்து அவள் வீட்டு வாசலில் ஹால்வர்சன் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். தொழிற்சங்கத்துக்குப் போட வேண்டிய மனுவை எழுதிக்கொண்டிருந்தோம். அவருக்கு எழுபதை நெருங்கும் வயது, கையில் தடி. ஆர்டெல் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், உட்காரச் சொல்லவில்லை.

அவர் தோல் உறையை எடுத்து நீட்டினார். “இதையும் உன்னோடதுல சேத்துக்கம்மா. லெம் பக்கத்துல இருக்கட்டும்.”

ஆர்டெல் கையை நீட்டவில்லை. “அன்னைக்கு ஆட்டம் எப்படி இருந்துச்சு?”

“எந்த ஆட்டம்?”

“ஐம்பத்தொம்பது. முதல் நாள். நீங்க உள்ள போனீங்களே.”

“நம்ம ஊரு தோத்துச்சு. நாலுக்கு ரெண்டு” என்றார்.

“கடைசி வரைக்கும் இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“எங்கப்பா மூணாவது இன்னிங்ஸ்லயே எழுந்து வந்துட்டாரு. குளிருதுன்னு சொன்னாரு. இதை நான் வாங்கிக்கிட்டா நீங்க இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவீங்க, மிஸ்டர் ஹால்வர்சன். நான் வாங்க மாட்டேன். நீங்களே வச்சுக்குங்க. கனமா இருந்தா இருக்கட்டும்.”

அவர் உறையை மெதுவாகப் பையில் போட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஆர்டெலுக்கு இல்லை. அவள் அவரை அப்படியே அனுப்பியும் விடவில்லை. வேறு ஒன்று கேட்டாள். இலையுதிர் மாதங்களில் எங்கள் ஆட்களோடு ஆடியபோது பந்து வீசும் பிட்ச்சர்கள் சொந்தமாகக் குறிப்பு எழுதுவார்களாமே, நீங்கள் எழுதினீர்களா?

எழுதியிருந்தார். ஐந்து வருஷக் குறிப்பும் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. இரண்டு நாளில் கொண்டுவந்து கொடுத்தார். பென்சிலில், எந்த ஊர், எந்தத் தேதி, எதிரே யார், யாருக்கு எந்தப் பந்து போட்டால் அடிப்பான் என்று எல்லாம் இருந்தது. எங்கள் ஆட்கள் பெயர்கள், முழுப் பெயர்கள், ஒரு வெள்ளைக்கார பிட்ச்சரின் கையெழுத்தில். ஒரு பக்கத்தில் ‘பிங்க்னி, கேட்சர். உள்பக்கம் போடாதே. எங்கும் போடாதே. நடக்க விடு’ என்று இருந்தது. அடிக்க வாய்ப்பே கொடுக்காமல் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிடு என்று அர்த்தம். ஆர்டெல் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெறுமையாக இருந்த நாலு அட்டைகளில் மூன்றுக்கு அந்தக் குறிப்பில் பெயர் கிடைத்தது. ஐந்தாவதை அவள் தொடவில்லை. அப்பாவிடம் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது.

இன்னொன்றும் கேட்டாள். ஐம்பத்தொன்பதில் ‘சி’ கேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், நீங்கள் உள்ளே போனதையும் சேர்த்து. அவர் எழுதினார். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது.

சங்கத்தின் மனு மத்தியஸ்தர் முன்னால் விசாரணைக்கு வந்தது. நகராட்சிக் கட்டடத்தில் ஜன்னலில்லாத ஒரு அறை. கிளப் வக்கீல், நம்பிக்கையான இடத்தில் இருந்த ஊழியர், விலைமதிப்புள்ள பொருள் என்று ஆரம்பித்தார். ஆர்டெல் ஒரு செருப்புப் பெட்டியை மேஜையில் வைத்தாள். கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். மிஸஸ் கெஸ்ஸலின் கடிதம் முதலில். அவள் குரல் வழக்கம்போல இறங்கியிருந்தது. மத்தியஸ்தர் முன்னால் சாய்ந்தார், வக்கீல் சாய்ந்தார், ப்ரூவிட்டும் சாய்ந்தார். பதினைந்தாவது கடிதத்தில் வக்கீல், இது போதும், திருட்டு என்ற குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம் என்றார்.

“போதாது சார்” என்றாள் ஆர்டெல். “இன்னும் இருபத்திமூணு இருக்கு.” முப்பத்தெட்டையும் வாசித்து முடித்தாள். அதற்குப் பிறகு ஹால்வர்சன் எழுதிக் கொடுத்ததைச் சங்கத்து ஆள் வாசித்தார். உடன் வருபவர் விதி யார் யாருக்கு எப்படி நடைமுறையில் இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டா என்று மத்தியஸ்தர் கேட்டார். நான் எழுந்தேன். பதினான்கு வருஷம் தாமதமாக எழுந்தேன். அன்றைக்குப் பார்த்ததையும், அதற்கு முன்னும் பின்னும் பார்க்காரர்கள், கார் விற்பவர்கள், சீட்டாட்டக் கூட்டாளிகள் எத்தனை பேர் அந்த ஜன்னல் வழியே ‘உடன் ஒருவராக’ உள்ளே போனார்கள் என்பதையும் சொன்னேன். ப்ரூவிட் என்னைப் பார்த்த பார்வையில், வரும் சீசனில் எனக்கு எந்த மூலை கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. மேல் அடுக்கின் கடைசி மூலைதான் கிடைத்தது. நூற்றிருபது படி.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. நீக்கியது செல்லாது, வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும், பாஸ் யாருடைய சொத்து என்பது இந்த அறைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். லீக்கும் அதற்கு மேல் கேட்டு வரவில்லை. செத்துப்போன ஆட்டக்காரர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும் வரிசையாகக் கோர்ட்டில் வந்து நிற்பதை யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

ஆர்டெல் வேலைக்குத் திரும்பவில்லை. அவள் கேட்டது ஒரு கடிதம் மட்டும். திருட்டு என்று நாங்கள் எழுதியது பொய் என்று கிளப் எழுதித் தர வேண்டும். முதலில் ‘தவறான புரிதல்’ என்று எழுதி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினாள். அடுத்து ‘துரதிர்ஷ்டவசமான சொல்’ என்று வந்தது. அதையும் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை ‘பொய்’ என்றே வந்தது, ப்ரூவிட்டின் கையெழுத்தோடு. அவள் அதைச் செருப்புப் பெட்டியில் போட்டு மூடினாள். கவுண்டி ஆவணக் காப்பகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள்.

எண்பத்தொன்றில் நகர நூலகம் அந்தச் சேகரிப்பைக் கேட்டது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எந்தத் தகட்டையும் அதன் அட்டையிலிருந்து பிரித்து வைக்கவோ, படம் எடுக்கவோ, கடன் கொடுக்கவோ கூடாது. நூலகம் ஒப்புக்கொண்டது. திறப்பு விழாவுக்கு மேயர் வந்தார், சர்ச் பாடகர்கள் வந்தார்கள். நூலக இயக்குநர் நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் பேசினார். ஆர்டெல் பிங்க்னிக்கு இந்த விளையாட்டின் மேல் இருந்த அளவில்லாத பாசத்துக்கு இது அடையாளம் என்று சொல்லி முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஆர்டெல் எழுந்து மைக்குக்குப் போனாள். குரல் இறங்கியே இருந்தது, மைக் இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

“பாசம்னு யாரு சொன்னாங்கன்னு தெரியல. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. இருபத்திரெண்டு வருஷமா எனக்குக் கோபம். இன்னும் போகல. போக வேண்டிய அவசியமும் இல்ல. நீங்க இதைப் பாத்துட்டு, ஐயோ பாவம்னு சொல்லிட்டு, கேக் சாப்பிட்டுப் போகாதீங்க. எழுதியிருக்கிற ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு பேரு இருக்கு. வாய்விட்டுப் படிங்க. அதுக்கப்புறம் சாப்பிடுங்க.”

யாரும் கைதட்டவில்லை. பெத்தேல் சர்ச்சின் டீக்கன் ஒருவர் முதல் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய்க் குனிந்து, “கேடர் மாக்ஸி” என்று படித்தார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மேயரும் நின்றார்.

ஆர்டெல் அந்த வரிசையைப் பார்க்க நிற்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். முப்பத்தொன்றாம் வருஷத்துச் சிகாகோ வாரப் பத்திரிகையின் பக்கங்களைப் படம்பிடித்த பிலிம் சுருள் புதிதாக வந்திருப்பதாக அங்கே வேலை பார்க்கும் பெண் சொல்லியிருந்தாளாம். இன்னும் ஒரு அட்டைக்குப் பெயர் கிடைக்கவில்லை. நான் இரண்டு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனபோது, அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அந்தச் சுருளில் ஜூன் மாதத்தைத் தாண்டி ஜூலைக்கு வந்திருந்தாள்.